பட்டாளமும் வயலும் பஞ்சாயத்தும்: டெல்டாப் பெரியவர்களின் வாழ்க்கையை எழுதி வைக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஊர்களில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பார். இருபது வயதுக்குள் பட்டாளத்துக்குப் போனவர். ஒரு சண்டையையாவது பார்த்தவர். திரும்பி வந்து மண்வெட்டியைப் பிடித்தவர். பிறகு பஞ்சாயத்துத் தலைவர், கூட்டுறவுச் சங்கத் தலைவர், கோயில் நாட்டாமை என்று ஏதோ ஒரு பொறுப்பில் ஊரைத் தூக்கிச் சுமந்தவர். அவருடைய கதையை எழுதி வைக்க வேண்டும் என்று பேரன் பேத்திகள் இப்போது ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையோடு என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கெல்லாம் இங்கே பதில் தர முயன்றிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எல்லையில் நின்ற வருடங்களில் இங்கே வயல் காயவில்லை. யாரோ நாற்று விட்டார்கள், யாரோ மடை திறந்தார்கள், யாரோ களத்தில் நெல்லை அளந்தார்கள். அவர்களையும் சேர்த்து எழுதினால்தான் அது அவருடைய வாழ்க்கை வரலாறு.

எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது? சண்டையிலிருந்தா, பிறந்ததிலிருந்தா?

வயலிலிருந்து தொடங்குங்கள். "தாத்தா, சண்டையைப் பத்திச் சொல்லுங்க" என்று போனை நீட்டினால் அவர் கூட்டத்தில் பேசுவதுபோல் விறைத்துக்கொள்வார். "நம்ம வயலுக்குத் தண்ணி எந்த வாய்க்கால்லேர்ந்து வருது, தலைமடை யாருது, கடைமடை யாருது" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக வரும். நடக்க முடிந்தவர் என்றால் வரப்பிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். மதகைப் பார்த்ததும் அந்த மதகில் நடந்த சண்டை நினைவுக்கு வரும். அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தது யார் என்பதிலிருந்து அவருடைய பொதுவாழ்க்கை தொடங்கும்.

வருடம் கேட்டால் "புயல் அடிச்சுதே, அதுக்கு அடுத்த வருஷம்" என்கிறார். தேதியை எப்படிப் பிடிப்பது?

அவர் சொல்வதுதான் டெல்டாவின் நாட்காட்டி. அதை ஆங்கில வருடத்துக்கு மாற்றுவது உங்கள் வேலை. சில நங்கூரங்களைத் தருகிறேன்.

பெரிய புயல்கள்: நாகைப் பக்கத்தை அழித்த கார்த்திகைப் புயல் 1952 நவம்பர் 30. ஐப்பசிக் கடைசியில் வந்த நாகப்பட்டினம் புயல் 1977 நவம்பர் 12. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். சுனாமி 2004 டிசம்பர் 26. கஜா 2018 நவம்பர் 16. வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் தென்னை சாய்ந்ததை வைத்தே காலத்தைச் சொல்வார்கள். அதில் 52-ஆ 77-ஆ என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு புயலும் பலர் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடும்.

அடுத்தது மாமாங்கம். கும்பகோணத்து மகாமகம் 1933, 1945, 1956, 1968, 1980, 1992, 2004, 2016 என்று வந்திருக்கிறது. "மாமாங்கத்துக்கு லீவு கெடைக்கல" என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த வருடம் படையில் இருந்தார் என்று எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாவது தண்ணீர். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாயும் அந்தக் காலத்ததுதான். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைச் சீமைக்குக் காவிரித் தண்ணீர் வந்ததே அதனால். "புது ஆத்துல தண்ணி வந்தப்ப நான் கைக்குழந்தை" என்றால் வயது தெரிந்துவிடும். ஜூன் 12-இல் அணை திறக்காமல் 2012 முதல் 2019 வரை தொடர்ந்து குறுவை என்னும் முதல் போகம் கெட்டதும், 2020-இல் மறுபடி அந்தத் தேதியில் திறந்ததும் அண்மைக் கால அடையாளங்கள்.

தமிழ் வருடப் பெயர் சொன்னால் இன்னும் நல்லது. 1952-53 நந்தன, 1977-78 பிங்கள. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் குழப்பமே வராது.

பிறந்த தேதி ராணுவத் தாளில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று இருக்கிறது. எதை எழுதுவது?

இரண்டையும் எழுதுங்கள். ஆள் எடுக்கும் இடத்தில் வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்வது அன்று சர்வ சாதாரணம். வீட்டில் ஜாதகம் இருந்தால் அதிலுள்ள வருடம், மாதம், நட்சத்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராணுவத்தில் எங்கெல்லாம் இருந்தார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து விலகும்போது கையில் கொடுக்கும் புத்தகம். படைப்பிரிவு, எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பெற்ற பதக்கங்கள், நடத்தை பற்றிய குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். சொந்த ஊர் "தஞ்சாவூர் ஜில்லா" என்று இருப்பதைப் பார்த்துத் தவறான தாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாகப்பட்டினம் 1991-இலும், திருவாரூர் 1997-இலும், மயிலாடுதுறை 2020-இலும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முன் எல்லாமே தஞ்சாவூர்தான்.

அடுத்தது டிரங்குப் பெட்டி. நான் பார்த்த பெட்டிகளில் ஒன்று இப்போது விதை நெல் கொட்டி வைக்கப் பயன்படுகிறது. கறுப்புப் பெயிண்டின் மேல் வெள்ளையில் எழுதிய எண்ணும் பெயரும் பாதி உரிந்துபோயிருந்தன. பெட்டியை வாசலுக்குத் தூக்கி வந்து காலை வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது, உரிந்த இடத்திலும் தூரிகை போன தடம் மேடாகத் தெரிந்தது. ஏழு இலக்கமும் கிடைத்தன. அந்த எண் போதும். படைவீரரைப் பதிவேட்டில் தேடுவது பெயரை வைத்தல்ல, எண்ணை வைத்துத்தான்.

பதக்கங்கள் இன்னும் தெளிவாகப் பேசும். 1965 சண்டைக் களத்தில் இருந்தவர்களுக்குச் சமர் சேவா ஸ்டார். அந்தக் காலத்தில் படையில் இருந்தவர்களுக்குப் பொதுவாக ரக்ஷா மெடல். 1971-இல் வங்காளப் பக்கம் நின்றவர்களுக்குப் பூர்வி ஸ்டார், பஞ்சாப், காஷ்மீர், ராஜஸ்தான் பக்கம் நின்றவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், அதோடு சங்கிராம் மெடல். சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15 அன்று அவர் படையில் இருந்தார் என்பது உறுதி. பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பில் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். தேய்த்தால் அது போய்விடும்.

கடிதம் ஏதும் மிஞ்சியிருந்தால் முகவரியைப் பாருங்கள். ஊர்ப் பெயர் இருக்காது. 56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) என்றிருந்தால் பெரும்பாலும் வடக்கு, மேற்கு எல்லை. 99 ஏ.பி.ஓ. என்றிருந்தால் கிழக்கு.

டிஸ்சார்ஜ் புக் தொலைந்துவிட்டது. வழி உண்டா?

உண்டு. பென்ஷன் வாங்கியவராக இருந்தால் பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணை வங்கியிலோ வீட்டிலோ இருக்கும். அதிலிருந்து எண், படைப்பிரிவு இரண்டும் கிடைக்கும். பிறகு அந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படை என்றால் பெங்களூரு. எழுதத் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். பென்ஷன் இல்லாமல் இடையில் வந்துவிட்டவர்களின் கோப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடுவார்கள். ஆகவே தள்ளிப்போடாமல் இந்த வருடமே எழுதிப் போடுங்கள்.

1963-இல் ஊரில் விவசாயம் பார்த்ததாகச் சொல்கிறார். 1965-இல் சண்டையில் இருந்ததாகவும் சொல்கிறார். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். அன்றைய ஒப்பந்தப்படி சிப்பாய்கள் சில வருடம் படையிலும் மீதி வருடம் ரிசர்விலும் இருந்தார்கள். ரிசர்வில் இருப்பவர் ஊரில் உழுதுகொண்டிருப்பார். நாட்டுக்கு நெருக்கடி என்றால் திரும்பக் கூப்பிடுவார்கள். தந்தி வந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். அன்று எந்த வயலில் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்பதுவரை பலருக்கு நினைவிருக்கும்.

சண்டையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. பேசாமல் இருப்பது அவருடைய உரிமை.

சண்டையைச் சுற்றி இருப்பவற்றைக் கேட்கலாம். தஞ்சாவூரிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் பிடித்து டெல்லி, அதற்கும் மேலே. அந்தப் பயணத்தில் எந்த ஸ்டேஷனில் சோறு நின்று ரொட்டி தொடங்கியது? முதல் பனியை எங்கே பார்த்தார்? தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? வீட்டுக் கடிதத்தை யார் படித்துக் காட்டியது? இவற்றுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். அப்படிச் சொல்லிக்கொண்டே வரும்போது ஒருநாள், இறந்துபோன ஒரு நண்பரின் பெயர் வாயில் வரும். அப்போது குறுக்கே பேசாதீர்கள். அந்தப் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தின் சுவர்களில் சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்த வீரர்களின் பெயர்கள் உள்ளன. அந்த நண்பரின் பெயரைத் தேடி எடுத்துப் படத்தைக் காட்டினால், அதைவிடப் பெரிய பரிசை அவருக்கு நீங்கள் தர முடியாது.

1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்தவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். கோடியக்கரையில் நின்றால் அந்தக் கரை கூப்பிடு தூரம். எதிரே இருந்தவர்கள் பேசியதும் தமிழ். திரும்பி வந்தபோது இங்கே அவர்களை வரவேற்கவும் ஆளில்லை. அந்த வலிக்கு நியாயம் சொல்லவும் வேண்டாம், தீர்ப்பு சொல்லவும் வேண்டாம். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதினால் போதும்.

அவர் சொல்லும் வீரக்கதைகள் எல்லாம் நடந்தவைதானா?

பெரும்பாலும் நடந்தவைதான். ஆனால் தனக்கு நடந்தது, தன் கம்பெனிக்கு நடந்தது, தன் பட்டாலியனுக்கு நடந்தது மூன்றும் ஐம்பது வருடத்தில் ஒன்றாகிவிடும். ஓர் உதாரணம். 1971 டிசம்பர் நடுவில் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் பெரிய டாங்கிச் சண்டை நடந்தது. பாகிஸ்தான் படை புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகளை அகற்றி டாங்கிகளுக்கு வழி செய்து கொடுத்தவர்கள் 9 பொறியியல் ரெஜிமெண்ட்டினர். அது மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தது. அந்த வேலையில் உயிர் கொடுத்த மேஜர் வி.ஆர். சௌத்ரிக்கு மகாவீர் சக்ரா அளிக்கப்பட்டது. "நாங்கதான் டாங்கிக்கு வழி போட்டோம்" என்று ஒரு சாப்பர் தாத்தா சொன்னால் அது அளப்பு இல்லை. டிஸ்சார்ஜ் புக்கில் எந்த ரெஜிமெண்ட் என்று பார்த்துவிட்டு, "நாங்க" என்று அவர் சொன்னதை "நான்" என்று மாற்றாமல் எழுதுங்கள். வீர விருது வாங்கியதாகக் குடும்பத்தில் சொல்லிக்கொண்டால் பாதுகாப்பு அமைச்சகத்தின் விருதுப் பட்டியலில் பார்த்துவிடலாம்.

அவர் படையில் இருந்த வருடங்களில் விவசாயத்தை யார் பார்த்தது என்று எப்படி எழுதுவது? அவரிடம் கேட்டால் "வீட்ல பாத்துக்கிட்டாங்க" என்பதோடு முடித்துவிடுகிறார்.

அந்த "வீட்ல" யார் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையிலேயே முக்கியமானது. முதலில் தாளைப் பாருங்கள். கிராமக் கணக்கில் அடங்கல் என்றொரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு சர்வே எண்ணிலும் அந்தப் பசலியில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று எழுதியிருப்பார்கள். பசலி என்பது ஜூலை முதல் ஜூன் வரை. பசலி எண்ணோடு 590 கூட்டினால் ஆங்கில வருடம் வரும். 1965 செப்டம்பர் சண்டை நடந்தது பசலி 1375-இல். உங்கள் சர்வே எண்ணுக்கு அந்தப் பசலி அடங்கல் கிடைத்து, அதில் சம்பா என்று எழுதியிருந்தால் யோசித்துப் பாருங்கள். அவர் பஞ்சாபில் பதுங்குகுழியில் கிடந்த புரட்டாசியில் இங்கே அந்த வயலில் நடவு நடந்திருக்கிறது. 1971 டிசம்பர் என்றால் சம்பா கதிர் வாங்கும் பருவம், குறுவை அறுத்தபின் நட்ட தாளடிக்குக் களையெடுப்பு. 1962 அக்டோபர், நவம்பரில் சீனச் சண்டை என்றால் இங்கே ஐப்பசி அடைமழை, வடிகால் அடைத்துப் பயிர் மூழ்கும் நேரம். எல்லையில் என்ன நடந்தது என்று எழுதும் அதே பக்கத்தில், அதே வாரத்தில் வயலில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்.

அடங்கலில் பெயர் அவருடையதாகவோ அவருடைய அப்பாவுடையதாகவோதான் இருக்கும். வேலை செய்தவர் பெயர் இருக்காது. அதற்கு அப்பாயியிடம்தான், அதாவது அவருடைய வீட்டுக்காரியான உங்கள் பாட்டியிடம்தான் போக வேண்டும்.

மணியார்டர் வந்ததும் அதை எப்படிப் பங்கிட்டார்? விதைக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, மாமியார் கையில் எவ்வளவு? ராத்திரி முறைத் தண்ணீர் வரும்போது மடைக்கு யார் போனது? ஆற்றில் தண்ணீர் விடும் லஸ்கரிடம் பேசியது யார்? நடவுக்கு ஆள் கூப்பிட எந்தத் தெருவுக்குப் போனார்? களத்தில் நெல் அளக்கும்போது மரக்காலைப் பிடித்தது யார்? கொழுந்தன் ஏமாற்றினாரா, கைகொடுத்தாரா? புருஷன் இல்லாத வீடு என்று வரப்பைத் தள்ளி வெட்டிய பக்கத்து வயல்காரரை எப்படிச் சமாளித்தார்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கதை இருக்கும். நான் கேட்ட அப்பாயி ஒருவர், புயலில் கூரை போன ராத்திரி விதைக் கோட்டையைத் தொட்டிலில் போட்டு, பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதைச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த அவருடைய வீட்டுக்காரருக்கு அன்றுவரை அது தெரியாது. "நீ எழுதவே இல்லியே" என்றார். "எனக்கு எழுதத் தெரியாதுல்ல" என்றார் அப்பாயி.

பாட்டி "எனக்கு என்னா தெரியும், தாத்தாவைக் கேளு" என்கிறார்.

தாத்தா இல்லாத நேரத்தில் போங்கள். போனை முன்னால் நீட்ட வேண்டாம். அவர் கீரை ஆய்கிறபோது, பூ கட்டுகிறபோது பக்கத்தில் உட்காருங்கள். பதிவு செய்வதைச் சொல்லிவிட்டே பதிவு செய்யுங்கள்.

எங்கள் தாத்தா பண்ணையாள் குடும்பத்தில் பிறந்து பட்டாளத்துக்குப் போனவர். நிலமே இல்லை. அவருக்கு இதெல்லாம் பொருந்துமா?

அவருக்குத்தான் முதலில் எழுத வேண்டும். மதராஸ் படைகளில் ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர்கள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பெருமளவில் சேர்ந்திருக்கிறார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் நடந்த மண்ணிலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர் லீவில் பூட்ஸ் காலோடு மேலத்தெரு வழியே நடந்து வந்த நாள் ஊருக்கே நினைவிருக்கும். இரண்டு தெருவிலும் கேளுங்கள். இரண்டு விதமாகச் சொல்வார்கள், இரண்டையும் எழுதுங்கள்.

நிலப் பத்திரம் இருக்காது. அதற்குப் பதில் 1971 குடியிருப்புச் சட்டப்படி கிடைத்த மனைப் பட்டாவைத் தேடுங்கள். மிராசுதார் இடத்தில் குடிசை போட்டிருந்த பண்ணையாட்களுக்கு அந்த இடத்தைச் சொந்தமாக்கிய சட்டம் அது. பிறகு பென்ஷன் பணத்தில் வாங்கிய முதல் நிலத்தின் கிரயப் பத்திரம். அது ஒரு மா நிலமாக இருந்தாலும் பத்திரத்தின் படத்தை முழுப் பக்கத்தில் போடுங்கள்.

ஒரு மா என்றால் எவ்வளவு? தாத்தா ஏக்கரில் பேசுவதே இல்லை.

நூறு குழி ஒரு மா, ஏறத்தாழ 33 சென்ட். இருபது மா ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். புத்தகத்தில் அவர் சொன்ன அளவையே எழுதி, முதல் இடத்தில் மட்டும் இன்றைய கணக்கைக் காட்டுங்கள்.

விவசாயத்தில் எதைக் கேட்பது? எல்லோரும் நெல்தானே போட்டார்கள்?

எந்த நெல் என்று கேளுங்கள். 1960-இல் தஞ்சாவூர் ஜில்லாவைத் தேர்ந்தெடுத்துத் தீவிர வேளாண் திட்டம் கொண்டுவந்தார்கள். பேக்கேஜ் திட்டம் என்று சொல்வார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 அறுபதுகளின் நடுவில் குறுவைக்கு வந்தது. பின்னாலேயே ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20. பிறகு சி.ஆர். 1009, பொன்னி. பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் இதில் முந்திக்கொண்டார்கள் என்று பல ஊரில் கேட்டிருக்கிறேன். தாள் படித்துப் பழகியவர்கள், ஆபீஸுக்குப் போய்ப் பேசக் கூச்சப்படாதவர்கள், கையில் மாதாமாதம் பென்ஷன் வந்தவர்கள். ஒரு போகம் கெட்டாலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. புது விதையைத் துணிந்து விதைத்ததற்கு அந்தப் பென்ஷனும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கடைசியாக மாப்பிள்ளைச் சம்பா விதைத்தது எந்த வருடம், ஏன் நிறுத்தினார், இப்போது பேரன் மறுபடி அதையே விதைக்கும்போது என்ன நினைக்கிறார்? இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பஞ்சாயத்துத் தலைவராக இருந்ததைப் பற்றி எழுதும்போது வெறும் புகழ்ச்சியாகிவிடுகிறது. என்ன செய்வது?

"ஊருக்கு உழைத்தார்" என்பதை எடுத்துவிட்டு, செய்த காரியம் ஒன்றை முழுதாக எழுதுங்கள். ஒரு பாலம், ஒரு மதகு, ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். யார் எதிர்த்தார்கள், எத்தனை வருடம் இழுத்தது, எந்த ஆபீசில் கோப்பு தூங்கியது. பஞ்சாயத்து அலுவலகத்துத் தீர்மானப் புத்தகம் பத்திரமாக இருந்தால் அதில் தேதியோடு இருக்கும். அவருடைய கையெழுத்தையும் அங்கே படம் எடுத்துக்கொள்ளலாம்.

காலத்தைச் சரிபார்க்கச் சில செய்திகள். தமிழ்நாட்டில் 1986-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1996-இல்தான், 1994-ஆம் வருடத்துப் புதிய சட்டப்படி. 1986-இல் தேர்ந்தெடுத்தவர்களின் ஐந்து வருடப் பதவிக்காலம் முடிந்தபின் 1996 வரை தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. 1992-இல் தலைவராக இருந்தார் என்று குடும்பத்தார் சொன்னால், அது பஞ்சாயத்தா, கூட்டுறவுச் சங்கமா, கோயில் கமிட்டியா என்று விசாரியுங்கள். கணக்குப்பிள்ளை, பட்டாமணியார் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிந்து வி.ஏ.ஓ. வந்தார். பரம்பரையாக ஊர்க் கணக்கை வைத்திருந்தவர்கள் கையைவிட்டு அது போனதும், மனு எழுதத் தெரிந்த பட்டாளத்தார் வீட்டுத் திண்ணையில் கூட்டம் சேர்ந்தது.

காவிரிப் பிரச்சினையில் அவர் என்ன செய்தார் என்பதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். காவிரித் தண்ணீர் பற்றி மைசூரோடு செய்த 1924 ஒப்பந்தத்தின் ஐம்பது வருடம் 1974-இல் முடிந்தது. 1983-இல் டெல்டா விவசாயிகளின் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இந்த முப்பத்தைந்து வருடத்தில் மறியலுக்கு லாரி பிடித்தவர், மனுவுக்குக் கையெழுத்து வாங்கியவர், கடைமடை காய்வதை அதிகாரிகளை அழைத்து வந்து காட்டியவர் என்று ஊருக்கு ஊர் ஒருவர் இருந்திருக்கிறார். பத்திரிகையில் அவர்கள் பெயர் வரவில்லை. உங்கள் புத்தகத்திலாவது வரட்டும்.

கூலிப் போராட்டக் காலத்தில் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்பதை எழுதலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

எழுத வேண்டும். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து இருபது வருடம் கீழத் தஞ்சையில் கூலிதான் பேச்சு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதில் அதிகம். அடுத்த வருடம் நியாய ஊதியச் சட்டம் வந்தது. அந்த நாட்களில் வயதுக்கு வந்திருந்த எந்த டெல்டாக்காரருடைய வாழ்க்கையும் இதைத் தொடாமல் போயிருக்க முடியாது. அவர் கூலியை உயர்த்திக் கொடுத்தாரா? மறுத்தாரா? சமரசம் பேசினாரா? ஒதுங்கிக்கொண்டாரா? அவரிடமே கேளுங்கள். எண்பது வயதில் மனிதர்கள் தங்கள் மகன்கள் எதிர்பார்ப்பதைவிட நேர்மையாகப் பேசுவார்கள்.

அவர் வயலில் வேலை செய்தவர்களிடமும் கேளுங்கள். நல்லவர் என்றால் அவர்களே சொல்வார்கள். இல்லையென்றாலும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். உயிரோடிருக்கும் வேறு ஒருவரைக் குற்றம் சொல்லும் இடம் வந்தால் மட்டும் பெயரை விட்டுவிட்டு நிகழ்ச்சியை எழுதுங்கள்.

தாத்தா ஐ.என்.ஏ.-வில் இருந்தார். அவரும் போர்வீரர்தானே?

சந்தேகம் என்ன? நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா, சிங்கப்பூர் போன டெல்டாக் குடும்பங்களிலிருந்து நேதாஜி படையில் சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு ராணுவ ரெக்கார்ட் அலுவலகத்தில் கோப்பு இருக்காது. தியாகி பென்ஷன் தாளைப் பாருங்கள். அதற்கு மனு செய்தபோது கொடுத்த சான்றுகளில் எந்த முகாம், எந்தச் சிறை என்ற விவரம் இருக்கும்.

எழுதி முடித்தபின் எங்கே வைப்பது? எத்தனை பிரதி போடுவது?

பெரிய அச்சு வேலை வேண்டியதில்லை. ஊரில் டி.டி.பி. போடுகிறவரிடம் கொடுத்தாலே போதும், பெரியவர்கள் படிக்கிறாற்போல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். குரல் பதிவுகளை இரண்டு வெவ்வேறு இடத்தில் சேமியுங்கள். பழைய படங்களின் பின்புறம் பென்சிலால் பெயர்களை இன்றே எழுதிவிடுங்கள். அவர்களை அடையாளம் காட்ட அவர் ஒருவரால்தான் முடியும்.

பிரதிகளில் ஒன்று ஊர்ப்புற நூலகத்துக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று அவருடைய ரெஜிமெண்ட் மையத்துக்கு. சொந்தபந்தங்களுக்கு எப்படியும் போய்ச் சேரும். அவர் இல்லாத வருடங்களில் அந்த வயலில் நட்டவர்கள், அறுத்தவர்கள் பெயரெல்லாம் புத்தகத்தில் வந்திருக்கிறதல்லவா, அந்த வீடுகளுக்கும் ஆளுக்கொரு பிரதி போட்டுக்கொள்ளுங்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அப்பாயியையும் கூட அழைத்துப் போங்கள். எந்த வீடு யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும்.